பாத்தைத் துடைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷெல்லின் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) சூழல் மாறிகளை, அதாவது அது பெயரிட்டு வைத்திருக்கும் அமைப்பு மதிப்புகளை, சீராக்கித் தரும் சிறு கருவிகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. கட்டளை வரியில் பெயரைத் தட்டினால், பாத் (PATH) மாறியில், அதாவது நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளை முக்காற்புள்ளியால் (:) பிரித்து அடுக்கிய பட்டியலில், இரட்டித்த கோப்புறைகளை நீக்கித் தந்துவிடும். நல்லதுதான். ஆனால் எல்லா மாறிகளுக்கும் ஒரே விதியைப் பூசும் கருவியைத் தொடாமல் இருப்பது மேல் என்று தங்கள் கணினிப் பக்க வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பாத்தில் ஷெல் இடமிருந்து வலமாகத் தேடும். முதலில் அகப்படும் நிரலை ஓட்டும். ஆகவே இரட்டையில் முதலாவதை வைத்துக்கொண்டு பிந்தியதைத்தான் நீக்க வேண்டும். அகர வரிசையில் அடுக்கி இரட்டையைக் களையும் கருவி இந்த முன்னுரிமையைக் கலைத்துவிடும். இரண்டு பைத்தான் பதிப்பு உள்ள கணினியில் சத்தமில்லாமல் மற்றது ஓடத் தொடங்கும்.

வம்பு அதிகம் பட்டியலில் பெயரே இல்லாமல் நிற்கும் காலி உறுப்பில்தான். பாத்தில் இரண்டு முக்காற்புள்ளிகள் ஒட்டி வந்தாலும், முதலிலோ கடைசியிலோ ஒன்று தனியே நின்றாலும், ‘இப்போது நிற்கும் கோப்புறை’ என்று பொருள். அங்கே யார் போட்டு வைத்த நிரலும் ஓடக்கூடும். நிரல்களுக்கு வேண்டிய நூலகக் கோப்புகளைத் தேடும் எல்டி லைப்ரரி பாத்திலும் (LD_LIBRARY_PATH) இதே கதை. இந்த இரண்டிலும் காலியை நீக்கத்தான் வேண்டும். கையேடுகளைக் காட்டும் மேன் கட்டளை தேடும் இடங்களின் பட்டியலான லினக்ஸின் மேன்பாத்தில் (MANPATH) நிலைமை தலைகீழ்: அங்கே காலி உறுப்பு, ‘வழக்கமான கையேட்டு இடங்களை இங்கே சேர்த்துக்கொள்’ என்ற கட்டளை. அதையும் துடைத்துவிட்டால் மேன் கட்டளை பல கையேடுகளைக் காணோம் என்று கைவிரிக்கும்.

இல்லாத கோப்புறைகளை நீக்கும் வசதியும் அப்படித்தான். பிறகு இணைக்கப்போகும் நெட்வொர்க் டிரைவ் அந்த நிமிடத்தில் இல்லை என்பதற்காகப் பட்டியலிலிருந்து போய்விடும். அந்த வசதியை அணைத்தே வையுங்கள்.

இன்னொன்று. எந்தக் கருவியாலும் தன்னை இயக்கிய ஷெல்லின் மாறியை நேரடியாக மாற்ற முடியாது. ஷெல் தொடங்கிவைக்கும் நிரலுக்கு, அதாவது குழந்தைச் செயல்முறைக்கு, கிடைப்பது நகல் மட்டுமே. அதனால் அது புதிய வரியை அச்சிட, நாம் அதை இவால் (eval: தந்த வரியைக் கட்டளையாக ஓட்டும் ஷெல் கட்டளை) வழியே ஏற்றுகிறோம். கோப்புறைப் பெயரில் இடைவெளியோ டாலர் குறியோ இருந்து, கருவி மேற்கோளிடத் தவறினால் இவால் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். முதல் முறை இவால் இல்லாமல் ஓட்டி, வெளியீட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இரட்டை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பாஷ் ஷெல் தொடங்கும்போது வாசிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பிலிருந்து. ஷெல்லுக்குள் ஷெல் திறக்கும்போதெல்லாம் அது மீண்டும் வாசிக்கப்பட்டு, மரபாக வந்த பாத்தின் மேல் அதே கோப்புறையை ஒட்டுகிறது. சேர்க்கும் முன், பாத்தின் இரு முனையிலும் ஒரு முக்காற்புள்ளி வைத்து, இருபுறமும் முக்காற்புள்ளி சூழ்ந்த அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டா என்று ஷெல்லின் கேஸ் (case) கட்டளையால் பார்த்தால் போதும். இசட்ஷெல் (zsh) என்ற வேறொரு ஷெல்லை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையும் இல்லை: டைப்செட் கட்டளையில் பெரிய எழுத்து யு விருப்பத்துடன், சிறிய எழுத்தில் பாத் என்று (typeset -U path) எழுதினால் இரட்டை சேரவே சேராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்