இசைக்கருவிக்குக் கட்டணம் உண்டு, விதி இல்லை: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

அடிப்படைப் பயணக் கட்டணத்திலிருந்து எந்தெந்தச் சேவைகளைப் பிரித்து விமான நிறுவனங்கள் தனியே பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று தங்கள் இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டு வருகிறது. 2024 ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்ட அந்தச் சுற்றறிக்கையில், விரும்பிய இருக்கை, சிற்றுண்டி, விமான நிலையத்தில் காத்திருக்கும் சொகுசுக் கூடம், விளையாட்டுச் சாதனம் ஆகியவற்றின் வரிசையில் இசைக்கருவியை ஏற்றிச்செல்வதும் ஒரு கட்டணச் சேவையாக எழுதப்பட்டிருக்கிறது. கட்டணம் வாங்குவதை நான் குறை கூறவில்லை. பெரிய கருவி இடத்தை அடைக்கும். இடத்துக்கு விலை உண்டு. பணத்தைப் பெற்றுக்கொண்ட நிறுவனம் அந்தக் கருவியை எப்படி ஏற்றவேண்டும், எங்கே வைக்கவேண்டும், உடைந்தால் என்ன பொறுப்பு ஏற்கவேண்டும் என்பதும் அதே அளவு தெளிவோடு எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. விமானம் தாமதமானாலும் ரத்தானாலும் பயணிக்கு என்ன தரவேண்டும் என்று விரிவாக விதி வகுத்திருக்கும் தங்கள் இயக்குநரகத்துக்கு இது புதிய வேலை அல்ல.

நான் வீணை வாசிப்பவள், கற்பிப்பவள். கச்சேரிக்காகவும் மாணவர்களுடனும் விமானத்தில் போய்வருகிறேன். விமான நிலையத்தில் இன்றைக்கு எங்கள் கருவியின் கதி, கவுன்ட்டரில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஒருவர் சிரித்துக்கொண்டே வயலினை உள்ளே எடுத்துச்செல்லச் சொல்வார். அதே நிறுவனத்தில், அதே வழித்தடத்தில், மறு வாரம் இன்னொருவர் அதைப் பெல்ட்டில் போடச் சொல்வார். கவுன்ட்டரில் அனுமதி கிடைத்தாலும், விமானத்தின் வாசலில் மூன்றாமவர் ஒருவர் மறுக்கக்கூடும். அப்போது மெல்லிய உறையில் இருக்கும் கருவி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் சரக்கறைக்குப் போகும். அந்த ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருப்பது ஓர் அளவுச் சட்டமும் ஓர் எடைத்தராசும் மட்டுமே.

அந்த அளவுச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோ எடை, நீள அகல உயரங்களைக் கூட்டினால் 115 சென்டிமீட்டர், அதாவது பொதுவாக 55, 35, 25 என்பது உள்நாட்டு நிறுவனங்களின் வழக்கம். முழு அளவு வயலினின் நீள்சதுரப் பெட்டி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எனவே விதியை எழுத்துப்படி பார்த்தால், இந்த நாட்டில் எந்த வயலின் கலைஞரும் தம் கருவியைக் கையோடு கொண்டுபோக முடியாது. ஆனால் அந்தப் பெட்டி உள்ளிருக்கும் கருவியோடு சேர்ந்தும் அனுமதித்த எடையில் பாதிதான் இருக்கும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களில் தலைக்கு மேலுள்ள சாமான் அறையில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும், அதன்மேல் ஒரு சால்வையும் மடித்து வைக்கலாம். சக்கரப் பெட்டிக்காக வகுக்கப்பட்ட அளவை வயலினுக்குப் பொருத்துவதால் வரும் சிக்கல் இது. அந்த அளவை அப்படியே கடைப்பிடித்தால் கருவி வெளியே நிற்கும்; கடைப்பிடிக்காவிட்டால் ஊழியர் விதியை மீறியவர் ஆவார்.

இதே சிக்கலை அமெரிக்கா சட்டத்தின் வழியே தீர்த்தது. 2012ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் இசைக்கருவிகளுக்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. பயணி விமானத்தில் ஏறும் நேரத்தில் மேலறையிலோ இருக்கைக்கு அடியிலோ பாதுகாப்பாக வைக்க இடம் இருந்தால், வயலின், கிதார் போன்ற சிறு கருவிகளை நிறுவனம் ஏற்றே ஆகவேண்டும். வழக்கமான கைப்பைக் கட்டணத்துக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது. பெரிய கருவிக்குத் தனி இருக்கை வாங்கினால், உறையோடு 165 பவுண்டு வரை, பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்க வேண்டும். சரக்கறைக்குப் போவதானால், மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 150 அங்குலம் வரை ஏற்க வேண்டும். முன்னால் ஏறியவரின் பெட்டியை இறக்கிவிட்டு வயலினுக்கு இடம் கொடு என்று அந்த விதி சொல்லவில்லை. முதலில் வந்தவருக்கு முதலில் இடம் என்பதே அங்கும் முறை. இடம் இருக்கும்போது மறுக்க முடியாது என்பதுதான் கலைஞருக்குக் கிடைத்த உறுதி. கனடாவும் 2019இல் கொண்டுவந்த பயணியர் பாதுகாப்பு விதிகளில், இசைக்கருவி பற்றிய தன் நிபந்தனைகளை ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது.

அமெரிக்க விதி அந்நாட்டு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். இதன் விளைவு விசித்திரமானது. ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனைக்குச் சென்னையிலிருந்து புறப்படும் ஒரு வயலின் கலைஞருக்கு, நியூயார்க்கில் இறங்கி அந்நாட்டு விமானம் ஒன்றில் மாறி ஏறிய பிறகுதான் இந்த உரிமை கிடைக்கிறது. தியாகராஜர் கீர்த்தனைகளை வாசிக்கும் வயலினுக்கு மீனம்பாக்கத்தில் இல்லாத சட்டப் பாதுகாப்பு ஒஹையோவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சென்னை 2017இல் சேர்க்கப்பட்டதை அரசு பெருமையோடு சொல்லிக்கொள்வதையும் இங்கே நினைத்துப் பார்க்கிறேன்.

வயலினுக்கு வழி எளிது. மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் அப்படி அல்ல. பலாமரத்தைக் கடைந்து செய்த மிருதங்கம் பெரும்பாலும் 7 கிலோவைத் தாண்டிவிடும். மானாமதுரைக் கடமும் அப்படித்தான். உருண்டையான வயிறு கொண்ட இவை 25 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கமாட்டா. மண்ணால் ஆன கடத்தைச் சரக்கறைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. இந்தக் கருவிகளுக்காகத் தனி இருக்கை வாங்க ஆயத்தமாக இருக்கும் கலைஞர்கள் உண்டு. ஆனால் இணையத்தில் சீட்டு எடுக்கும்போது, பக்கத்து இருக்கையில் உட்காரப்போவது கடம் என்று எழுத இடமில்லை. தொலைபேசியில் அழைத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்கிறார்கள். பணம் கட்டி இருக்கை எடுத்த பிறகும் வாசலில் தடுக்கப்பட்டால் அந்தப் பணத்தை யார் திருப்பித் தருவார் என்பதற்கும் பதில் இல்லை. பாதுகாப்புச் சோதனையில் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கும் கல் பிடுங்கப்படுவது ஒரு தனிக் கதை. அது தங்கள் இயக்குநரகத்தின் எல்லைக்குள் வராது, விமானப் பாதுகாப்புப் பணியகத்துக்கு வேறொரு மடல் எழுத வேண்டும்.

இனி வீணை. நாலடி நீளமுள்ள தஞ்சாவூர் வீணையை மேலறையில் வைக்க அனுமதியுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அது அங்கே நுழையாது. இருக்கையில் நிறுத்திக் கட்டுவதும் எல்லா விமானங்களிலும் இயலாது. வீணை சரக்கறையில்தான் போகவேண்டும் என்பதை எங்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டோம். கண்ணாடியிழைப் பெட்டி செய்து, உள்ளே பஞ்சும் துணியும் அடைத்து, தந்திகளைத் தளர்த்தி அனுப்புகிறோம். பெட்டியும் வீணையும் சேர்ந்தால் உள்நாட்டுப் பயணத்தின் 15 கிலோ இலவச எடையை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும் என்பதால், பட்டுப்புடவைகளும் மாற்றுத் துணியும் கைப்பைக்குப் போகின்றன. சிலர் தண்டியை, அதாவது வீணையின் நீண்ட தண்டுப்பகுதியை, கழற்றி மாட்டும் பயண வீணைக்கு மாறிவிட்டார்கள். தம்புரா ஏற்கெனவே செல்பேசிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு விமானம் மட்டும் காரணமில்லை என்றாலும், விமானமும் ஒரு காரணம்.

வீணை எங்கே உடைகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சரக்கறையிலும் காற்றழுத்தம் பயணியர் பகுதியில் உள்ளது போலவே இருக்கும் என்பதால், பலர் நினைப்பதுபோல் பறக்கும் உயரம் வீணையை உடைப்பதில்லை. தரையில்தான் அது உடைகிறது: பெல்ட்டிலிருந்து சரியும்போது, வண்டியில் எறியப்படும்போது, மேலே நான்கு பெரிய பெட்டிகள் அடுக்கப்படும்போது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையிலும் யாளி முகம் சேரும் கழுத்துப்பகுதி மெலிந்தது. ஒட்டு வீணையானால் குடமும் தண்டியும் சேரும் இடமும் அப்படியே. இன்னொன்று வெப்பம். வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகளும், மெழுகில் பதித்தவை. சித்திரை வெயிலில் ஓடுதளத்து வண்டியில் நெடுநேரம் கிடந்தால் மெழுகு இளகும். மெட்டு நூலளவு நகர்ந்தாலும் ஸ்வரஸ்தானம் போய்விடும். வெளியே ஒரு கீறலும் தெரியாத வீணையைக் கச்சேரிக்கு முன் மாலையில் எடுத்தால் காந்தாரம் காந்தாரமாக ஒலிக்காது. மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிப்படி பதிக்க, தெரிந்தவர் தஞ்சாவூரில் இருப்பார். தில்லியிலோ கொல்கத்தாவிலோ அவரைத் தேடி எங்கே போவது?

ஆகவே வீணைக்கு நான் கேட்பது இடமல்ல, கை. பெல்ட்டில் போடாமல் ஊழியர் ஒருவர் கையால் எடுத்துச்சென்று, கடைசியில் ஏற்றி, முதலில் இறக்கி, பயணியின் கையில் ஒப்படைப்பது. இது இயலாத காரியமன்று. சக்கர நாற்காலிகளையும் குழந்தை வண்டிகளையும் நிறுவனங்கள் விமான வாசல்வரை அனுமதித்து அங்கேயே வாங்கிக்கொள்கின்றன. நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. இசைக்கருவிக்காக வாங்கும் கட்டணத்துக்கு ஈடாக இதையாவது செய்யக் கூடாதா?

அடுத்தது கையெழுத்து. உடையக்கூடிய பொருள் என்று சொன்னவுடன் கவுன்ட்டரில் ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். சேதம் நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்பது அதன் சாரம். கையெழுத்துப் போடாவிட்டால் கருவி ஏறாது. கருவி ஏறாவிட்டால் கச்சேரி இல்லை. ஒருமுறை கழுத்தில் விரிசலோடு வந்த என் வீணைக்கு நியாயம் கேட்டபோது, அந்தக் கையெழுத்தையே எனக்குக் காட்டினார்கள். சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்தும் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை, நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் அல்லது பொறுப்பின் வரம்பைக் குறைக்கும் எந்த ஒப்பந்த வாசகமும் செல்லாது என்று 26ஆம் பிரிவில் சொல்கிறது. பொருளின் உள்ளார்ந்த குறைபாட்டால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பதும் அதே உடன்படிக்கையில் உண்டுதான். ஆனால் பெட்டியோடு கீழே விழுந்து முறிந்த கழுத்து மரத்தின் குறைபாடு ஆகாது. அந்தச் சீட்டு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைத் தாங்கள் ஒரே ஒரு அறிவுரையால் தெளிவாக்கலாம். பயணிகளில் பெரும்பாலோர் அதைப் பார்த்தவுடன் புகாரே கொடுக்காமல் திரும்பிவிடுகிறார்கள். சேதமடைந்த பெட்டிக்கு 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும் என்ற காலவரையறையும் அதற்குள் ஓடிவிடுகிறது.

புகார் வென்றாலும் கிடைப்பது என்ன? உள்நாட்டுப் பயணத்தில் பெட்டிக்கான இழப்பீட்டின் உச்ச வரம்பு 20,000 ரூபாய். அந்தத் தொகைக்கு நல்ல ஏகாண்ட வீணை கிடைக்காது. சர்வதேசப் பயணத்தில் மாண்ட்ரியல் வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். அது ஓரளவு நியாயமானது. 2014இல் உஸ்தாத் அம்ஜத் அலி கானின் சரோத் லண்டனிலிருந்து தில்லி வரும் வழியில் காணாமல் போய், சில நாட்களுக்குப் பின் கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தால் எந்த வரம்பும் அதற்கு ஈடாகியிருக்காது. பொருளின் மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் நிறுவனத்தின் பொறுப்பு உயரும் என்ற ஏற்பாடு உடன்படிக்கையிலும் இருக்கிறது. இசைக்கருவிக் கட்டணத்தைக் குறிப்பிடும் தங்கள் அதே சுற்றறிக்கையிலும், மதிப்புமிக்க பெட்டிக்கான சிறப்பு அறிவிப்புக் கட்டணம் என்று இருக்கிறது. நான் கவுன்ட்டரில் அதைக் கேட்டபோதெல்லாம், அப்படி ஒன்று இருப்பதையே அறியாத முகங்களைத்தான் கண்டேன். பணம் கட்ட முன்வரும் பயணிக்குப் படிவம் கிடைக்காத ஒரே சேவை இதுவாகத்தான் இருக்கும்.

எனவே தங்கள் இயக்குநரகம் இசைக்கருவிகளுக்கென ஒரு விதிமுறையை வகுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். இடம் இருக்கும்போது வயலினையும் அதையொத்த கருவிகளையும் அளவுச் சட்டத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்பது அதன் முதல் வாசகமாக இருக்கட்டும். தனி இருக்கை எடுப்பதற்கான வழி இணையத்திலேயே இருக்க வேண்டும். ஒருமுறை எழுத்தில் தந்த அனுமதி வாசல்வரை செல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற சிறு விமானங்களில் மேலறை குறுகலானது. அங்கே கருவி உள்ளே வர முடியாது என்றால், அதைச் சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பின்னர் நிறுவனமே பெரிய விமானத்துக்குப் பதில் சிறிய விமானத்தை அனுப்பினால், அதனால் வரும் இழப்பைக் கலைஞர் தலையில் கட்டக் கூடாது. கையால் ஏற்றி இறக்குவதும், மதிப்பை அறிவிப்பதற்கான படிவமும், பொறுப்புத் துறப்புச் சீட்டின் எல்லையும் அதே விதிமுறையில் இடம்பெற வேண்டும்.

விதிமுறைகளின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடுவது தங்கள் வழக்கம். இந்த வரைவை எழுதும்போது, மேடையில் அமரும் வித்வான்களை மட்டும் கலந்தாலோசிக்காமல், தஞ்சாவூரில் வீணை செய்பவர்களையும், நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்களையும், பெல்ட்டின் மறுமுனையில் நின்று பெட்டிகளை ஏற்றும் தொழிலாளர்களையும் கேளுங்கள். எந்த இடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், எந்தப் பக்கத்தை மேலே வைக்க வேண்டும் என்று முதலிருவருக்குத் தெரியும். அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று மூன்றாமவருக்குத் தெரியும். மார்கழியில் சென்னைக்கு வந்திறங்கும் கருவிகளின் எண்ணிக்கை கூடும் என்பதால், அதற்கு முன்பே வரைவு வெளிவந்தால் இந்த ஆண்டே அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வீணை வாசிக்கவும் கற்பிக்கவும் செய்யும் ஒரு பயணி,
சென்னை.