பொருள்: பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்தி வைத்த என் 612 ரூபாய்

குறை தீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் பன்னிரண்டாவது மெயில். முதல் பதினொன்றுக்கும் "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. சர்வேயில் தமிழில் கேள்வி கேட்கத் தெரிந்த உங்களுக்கு இதைப் படிக்கவும் தெரியும் என்று நம்பித் தமிழிலேயே எழுதுகிறேன்.

உங்கள் தளத்தில் சர்வேக்களுக்குப் பதில் சொல்லி எட்டு மாதத்தில் 3,060 புள்ளி, அதாவது 612 ரூபாய், சேர்த்தேன். ஒரு சர்வேக்கு 40, 50 புள்ளிதான், 3,000 தொட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இரவு தையல் மிஷினை மூடிவிட்டு உட்கார்ந்து சேர்த்த புள்ளி அது. பணம் கேட்ட அன்று ஆரம்பித்தது அலைச்சல்.

பான் அட்டையில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லையாம். பாஸ்புக்கில் இனிஷியல் இருக்கிறது. பான் அட்டைக்கு இனிஷியலை ஏற்க மாட்டார்கள், அதனால் அதில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். சாட்டில் வந்தவரிடம் பொறுமையாக விளக்கினேன். "சர்நேம் இல்லாம எப்படி மேடம் பெயர் வைப்பாங்க?" என்றார். பிறகு, "600 ரூபாய்க்கு 11 மெயிலா?" அதோடும் விடவில்லை. "நீங்க எங்க கஸ்டமரே இல்ல, சர்வே எடுக்கச் சொல்ற கம்பெனிங்கதான் கஸ்டமர்" என்றார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

அந்தக் கம்பெனிகளிடம் நீங்கள் எதைக் கொடுத்துக் காசு வாங்குகிறீர்கள்? நான் சொன்ன பதிலைத்தானே? இனிஷியலோடுதான் உங்களிடம் பதிவு செய்தேன். அந்தப் பெயரில் சொன்ன பதில் மட்டும் செல்லும், பணம் என்று வந்தால் அந்தப் பெயர் செல்லாதா?

வங்கியில் கடிதம் வாங்கி 72 மணி நேரத்தில் அனுப்பச் சொன்னீர்கள். சொன்னது வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அடுத்து ஞாயிறு. எந்த வங்கி திறந்திருக்கும்? திங்கட்கிழமை கோபிக்குப் பஸ் ஏறி, மேனேஜர் வரும்வரை காத்திருந்து, மூன்று மணிக்கு முத்திரையோடு வாங்கினேன். ஃபைல் பெரியது என்று உங்கள் தளம் ஏற்கவில்லை. பிரவுசிங் சென்டரில் 40 ரூபாய் கொடுத்துச் சிறிதாக்கி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டீர்கள். காரணம், ஒரே ஐபி முகவரியில், அதாவது ஒரே இணைய இணைப்பு எண்ணில், பல கணக்காம்! எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு போன். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபி முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்துதான் கொடுப்பார்கள் என்று கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கே தெரிகிறது. அன்று தர வேண்டிய மூன்று ஜாக்கெட் நின்றுபோனது. அந்த வீட்டார் இனி என்னிடம் வரப்போவதில்லை. எல்லாம் சேர்த்து எனக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டம்.

இன்னொன்று. வீட்டில் கார் இல்லை என்று சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்தேன். அப்படியிருந்தும் பதினேழு நிமிடம் பதில் வாங்கிவிட்டுக் கார் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் "தகுதி இல்லை" என்று வெளியே தள்ளுகிறீர்கள். ஒரு புள்ளிகூடக் கிடையாது. இது எத்தனை தடவை நடந்தது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

தயவுசெய்து கணக்கைத் திறந்து 612 ரூபாயை அனுப்பி வையுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் பதிவு செய்துவிட்டு ஈரோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை. சாட்டில் பேசியவர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணம் தர மாட்டீர்கள் என்றால் என் பான் அட்டைப் படம் உங்களுக்கு எதற்கு? அதை அழித்துவிட்டு, அழித்ததாக எழுதித் தாருங்கள்.

இணைப்பு: வங்கிக் கடிதம், சாட் ஸ்கிரீன்ஷாட் 4, பஸ் டிக்கெட் 2.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் உறுப்பினர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்