நீ அனுப்புன படத்த பாத்துட்டு எழுதுறேன்

மகன்,

நீ மியூசிக் போட்ட படத்த அனுப்பி 36 நாளாச்சி. நான் நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்த போட்டேன், அதுக்கப்புறம் உங்கிட்டருந்து ஒன்னும் வரல, வேலையா இருப்பான்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இங்க ஹட்டன்ல மழ விடவேயில்ல. தங்கச்சிக்கு காய்ச்சல் சரியாயிருச்சி. நீ ராத்திரி ராத்திரியா ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு இருக்காத, காத பாத்துக்க.

படத்த நாலு தடவ பாத்துட்டேன். அந்தப் புள்ள பஸ்ல அழுவுற எடத்துல வயலினும் சேந்து அழுவுது மகன், ரெண்டுல ஒன்னு போதும். நாயகன்ல அந்த தென்பாண்டிச் சீமையிலே மெட்டு எத்தன எடத்துல வருது, ஒவ்வொரு தடவயும் அதுக்கு முந்தி நடந்தத எல்லாம் தூக்கிக்கிட்டு வருது, அதனாலதான் கடைசில நமக்கு தொண்ட அடைக்குது. மெட்ட மொதல்ல வெதைக்கணும், பொறவுதான் அறுக்கணும். மட்டக்களப்புல பொறந்த நம்ம பாலு மகேந்திரா வீடுன்னு ஒரு படம் எடுத்தாரு, ஒரு பாட்டு கெடையாது, இளையராஜா ஏற்கனவே போட்டு வச்சிருந்த இசைத்தட்டுலருந்துதான் பின்னணிக்கு எடுத்தாங்க. எது எங்க வேணும்னு தெரிஞ்சவங்க. உனக்கும் தெரியுது, அத நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன், உங்கிட்ட மட்டும் சொல்லல.

கெசட்டுல பாட்டு அடிச்சிக் குடுக்குற ரெக்கோடிங் பார் வச்சிருந்தப்ப நீ கவுண்டருக்கு கீழ ஒக்காந்து கேட்டது எல்லாம் பாட்டு இல்ல. எல்லாரும் 60 கெசட்ல பாட்டு அடிச்சி கேப்பாங்க, நான் கட பூட்டுனப்பறம் வீடியோ டெக்லருந்து வயர் இழுத்து படத்தோட பின்னணி இசைய மட்டும் பதிவு பண்ணுவேன், வசனமும் சேந்துதான் விழும். அது யாரும் காசு குடுத்து கேட்டதில்ல. நீ மட்டும் கேட்ட. காத பாத்துக்கன்னு அப்பவும் சொன்னேன், ஸ்பீக்கர்லயே தலைய வச்சிக்கிட்டு கெடப்ப.

ஆனா அந்த சாவு வீட்டு சீன்ல நீ ஒன்னுமே போடல. தப்பு மோளம் இல்ல, ஒப்பாரி இல்ல, தகரத்துல மழ விழுற சத்தம் மட்டுந்தான். மொத தடவ பாக்குறப்ப ஃபோன்தான் கெட்டுப்போச்சோன்னு கூட்டி கூட்டி பாத்தேன். ரெண்டாவது தடவதான் வெளங்கிச்சி. நீ அப்ப ஏழு வயசு, மறந்திருப்பன்னு நெனச்சேன்.

உங்க தாத்தா தப்ப தீயில காய்ச்சி எடுத்தாருன்னா தோட்டத்து மேட்டு லயத்து வீடுகள்ல இருக்கவங்களுக்கு மொத அடியிலயே தெரிஞ்சிரும், சாவா, சாமியா, கல்யாணமான்னு. மாசில காமன் கூத்துல மன்மதன் எரிஞ்சப்பறம் ரதி வர்றப்ப அடிய மாத்துவாரு, ஒருத்தரும் வாய் தொறக்க முந்தியே பொம்பளைங்க முந்தானைய எடுப்பாங்க. படத்துக்கு மியூசிக் என்னா பண்ணணும்னு நான் கத்துக்கிட்டது அங்கதான், தியேட்டர்ல இல்ல.

அந்த மனுசன் செத்தப்ப டவுன்லருந்து வர்றவங்க என்னா நெனப்பாங்கன்னு நான் தப்பு அடிக்க வேணாம்னுட்டேன். கட வச்சிருக்கவன் அப்பன் தப்படிச்சவன்னு தெரியக்கூடாது எனக்கு. கெசட்டுல பக்திப் பாட்டு போட்டேன், நடுவுல டேப் சிக்கி அதுவும் நின்னுருச்சி. சத்தமே இல்லாமதான் தூக்கிட்டுப் போனோம். நீ என் வெரல புடிச்சிக்கிட்டு ஏன்ப்பா தாத்தாவுக்கு அடிக்கலன்னு கேட்ட. நான் உன் கைய ஒதறிவிட்டேன். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லல.

தாத்தாவோட தப்ப அடுத்த வாரமே கீழ பணிய லயத்துல ஒருத்தருக்கு குடுத்துட்டேன். அவரு இப்பவும் அடிக்கிறாரு. அதோட சத்தம் எனக்குத் தெரியும், எத்தன தப்புக்கு நடுவுல இருந்தாலும் தெரியும், கேட்டா ஜன்னல சாத்திருவேன். போன கெழம அங்க ஒரு சாவு. சாத்தல மகன். பொணம் எடுக்குற வரைக்கும் வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து கேட்டேன், அம்மா வந்து என்னாச்சின்னு கேட்டா, ஒன்னுமில்லன்னுட்டேன்.

அந்த சீன்ல எதையும் சேக்காத. பஸ் வயலின மட்டும் எடுத்துரு. ஞாயித்துக்கெழம கோல் எடு, அம்மாவுக்கு இல்லாட்டியும் எனக்கு எடு.

அப்பா