விரிவுரையாளர்களுக்கும் விளையாட நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி மூலம் கற்பித்து வருகிறேன். எங்கள் பீடத்தில் ஆசிரியர்களுக்கென்று ஓர் ஓய்வறை இருக்கிறது. கெரம் போர்ட், மேசைப்பந்து மேசை எல்லாம் உண்டு. ஆனால் அந்த மேசையில் வலை கட்டி எத்தனையோ காலமாயிற்று. நூலால் கட்டிய விடைத்தாள் கட்டுகள்தான் அதன்மேல் அடுக்கிக் கிடக்கின்றன. வைக்க வேறு இடமில்லை என்பதும் உண்மைதான்.

விரிவுரை நேரத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு எங்கள் வேலை குறைவாகத்தான் தெரியும். வினாத்தாள் தயாரிப்பது, இரண்டாம் தடவை திருத்துவது, ஆய்வு மாணவரின் அத்தியாயத்தை இரவிரவாக வாசிப்பது எதுவும் அந்தக் கணக்கில் வராது. கொரோனாவும் 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியும் கல்வியாண்டுகளைக் குழப்பிவிட்டன. பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பாடங்களையும் இருப்பவர்களே எடுக்கிறோம். சனி, ஞாயிறு என்றால் பட்டப்பின் வகுப்புகள். வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனமும் 2021இல் அறிவித்தன. அந்தச் செய்தியை வாசித்தபோது எங்கள் துறையிலுள்ள முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

அவர்களில் ஒருவருக்கு நீரிழிவு. தினமும் நடக்கும்படி டொக்டர் சொல்லியிருக்கிறார். வீடு வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவ் கூப்பிடு தூரம். ஆனாலும் ஏழு மணிக்கு பஸ்ஸால் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, மறுபடி விடைத்தாளோடு உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு உடற்பயிற்சியின் நன்மை பற்றிக் கருத்தரங்கு வைத்து என்ன பயன்?

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்குத்தான் மாணவர்களைத் தயார்செய்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள். பிரித்தானியாவின் பல பல்கலைக்கழகங்களில் புதன்கிழமைப் பிற்பகலை விளையாட்டுக்கென்று விட்டுவைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. எங்கள் நேரசூசியில் அப்படி ஒரு பிற்பகல் கிடையாது.

நான் கேட்பது இதைத்தான். வாரத்தில் ஒரு நாள் மூன்று மணிக்குப் பிறகு விரிவுரை வேண்டாம், கூட்டமும் வேண்டாம். விடைத்தாள்களுக்கு வேறு அறை கொடுத்து, ஓய்வறையை ஓய்வறையாக விடுங்கள். பெண்களுக்கு உடை மாற்றவும் குளிக்கவும் ஓர் இடம் அவசியம். காலையில் சேலையோடு வருபவர்கள் எப்படி பட்மின்டன் விளையாடுவது? தற்காலிக விரிவுரையாளர்களையும் மறக்கக்கூடாது. அடுத்த வருடம் வேலை இருக்குமோ என்ற கவலையோடு அதிகம் ஓடித்திரிபவர்கள் அவர்கள்தான்.

இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. அடுத்த செமஸ்டருக்கான நேரசூசியைத் தயாரிக்க உட்காரும்போதே பீடாதிபதிகள் அந்தப் பிற்பகல் நேரத்தை ஒதுக்கிவிடலாம்.

சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.