பில்லில் விழும் தேதி: மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பில்லிங், வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிற நண்பர்களுக்கு வணக்கம்ங்க.

சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் கணக்குப் பார்ப்பவன் நான். பொழுது விடிந்தால் உங்கள் மென்பொருள்களோடுதான் மல்லுக்கட்டு. கூட்டல் கழித்தலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரி விகிதம் மாறினால் உடனே அப்டேட் அனுப்பிவிடுகிறீர்கள். தேதியிலும் நேரத்திலும்தான் கோட்டை விடுகிறீர்கள்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் ராத்திரி தொடங்கினால் விடிய விடிய வியாபாரம் ஓடும். செவ்வாய் அதிகாலை 2 மணிக்குப் போட்ட பில்லில் திங்கள்கிழமைத் தேதி விழுகிறது. சர்வர் ஓடுவது யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. அதனால் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை போடுகிற பில்லெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் உட்காருகிறது. மற்ற நாளில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்தச் செவ்வாய் ஒன்றாம் தேதியாக அமைந்துவிட்டால் பில் போன மாத ஜிஎஸ்டிஆர்-1இல், அதாவது ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கில், ஏறிவிடும். சரக்கு வாங்கியவரின் ஆடிட்டர் போன் செய்வது உங்களுக்கு அல்ல, எனக்கு.

சில மென்பொருள்களில் இன்னொரு கூத்து. திரையில் ஏப்ரல் 1 என்று தேர்ந்தெடுக்கிறோம். திரைக்குப் பின்னால் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை நம் ஊர் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டு, யூடிசிக்கு மாற்றி, மார்ச் 31, 18.30 என்று அனுப்புகிறது. நீங்கள் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் டேட்டாபேஸில் வைக்கிறீர்கள். ஒரு நாள் தள்ளிப்போனதில் நிதியாண்டே மாறிப்போச்சு. பில் தேதி என்பது வெறும் தேதி. அதற்கு மணியும் கிடையாது, மாற்ற வேண்டிய நேர மண்டலமும் கிடையாது, தேதியாகவே வையுங்கள். பில் எந்த நொடியில் பதிவானது என்பது வேறு சங்கதி. அதைத் தனிக் கட்டத்தில் யூடிசியில் வைத்து, காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

வருகைப் பதிவில் இதே ஐந்தரை மணி நேரம் ஆளின் கூலியில் கை வைக்கிறது. ஒரு கம்பெனியில் சனிக்கிழமைச் சம்பளம் போடும்போது பார்த்தது: கைரேகை மெஷின் நம் நேரத்தையே அனுப்பியிருக்கிறது. சர்வர் அதை யூடிசி என்று நம்பி இன்னொரு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கிறது. காலை 8.30க்கு வந்த அம்மாவுக்குத் திரையில் ‘உள்ளே 14.00’. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 8.30க்குப் போனது மறுநாள் அதிகாலை 2 மணியாகி, அந்த நாளில் அவர் வெளியே போனதற்குப் பதிவே இல்லை. “எட்டரைக்கே கை வெச்சனுங்களே” என்கிறார் அவர். சூப்பர்வைசர் பிரிண்ட் அவுட்டில் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட்டார். கணினி வந்த பிறகும் கணக்கு பேனாவில்தான் நேரானது.

எல்லாவற்றையும்விட மோசம், கடையில் இருக்கும் கணினியின் கடிகாரத்தை நீங்கள் அப்படியே நம்புவது. சாதாரண குவார்ட்ஸ் படிகம் மாதத்துக்கு ஒரு நிமிடம்போல விலகுவது சகஜம், அது கிடக்கட்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் கணினி ஏதோ பழைய வருஷத்தில் கண் விழிக்கும். உங்கள் மென்பொருளும் முகம் சுளிக்காமல் அந்த வருஷத்துக்கே பில் போடும். வேண்டுமென்றே கடிகாரத்தைப் பின்னே தள்ளிவிட்டுப் பழைய தேதியில் பில் கேட்கிற முதலாளிகளும் உண்டு, தெரியாமல் இல்லை. ஆனால் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. கடிகாரமே பொய் என்றால் அந்தப் பதிவை வைத்து என்ன செய்வது?

சரியான நேரத்துக்குப் பஞ்சமா என்றால், இல்லை. இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களால் காத்துவருவது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் என்டிபி (நெட் வழியாகக் கடிகாரங்களை ஒத்துவைக்கும் முறை) சர்வரோடோ, மத்திய அரசின் தகவலியல் மையமான என்ஐசியின் சர்வரோடோ அமைப்புகள் தங்கள் கணினிகளின் நேரத்தை ஒத்துவைக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டது. என்டிபி 1985 முதல் புழக்கத்தில் இருப்பது; புதுசாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

“நெட் போயிட்டா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். நெட் இருக்கும்போது சர்வரிடம் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை, யார் மாற்றினாலும் பின்னே போகாத கணினியின் உள் எண்ணியை வைத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். கணினி அணைந்து எழுந்தால் அந்த எண்ணியும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்போது கடைசியாகப் பதிவான பில்லின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். புது நேரம் அதற்கு முந்தியதாக இருந்தால் பில் போடாமல், ‘கடிகாரம் தவறு’ என்று தமிழில் ஒரு வரி காட்டினால் போதும், கல்லாவில் இருக்கும் பையனுக்குப் புரியும்.

அப்புறம், ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு எழுதுகிறவர்கள் வெளிநாட்டு நேரத்துக்கு நிலையான ஒரு எண்ணை எழுதிவைக்காதீர்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம், கோடையில் மூன்றரை. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் நேர மண்டலப் பட்டியலே பார்த்துக்கொள்ளும்.

ஏஎம்சி என்கிற வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மார்ச்சில் ஆள் அனுப்புவீர்கள். கல்லாக் கணினியின் கடிகாரத்தை ஒரு வருஷம் பின்னே தள்ளிவிட்டு, அதில் ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லப்போகிறேன். மென்பொருள் ‘முடியாது’ என்று சொன்னால் செக் கையோடு கிடைக்கும்.