செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய லென்சும் பழைய மீட்டரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஃபிலிம் கேமராவைக் கைவிடாத அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நமது சங்கம் ஆற்றிய பணிகளை அவையின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. இருட்டறை வகுப்பு மழைக்காலத்தில் மட்டும் நிறுத்தப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி இரவல் அலமாரிக்கே போனது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீடு மாறுகிறவர்களும், மறைந்த அன்பர்களின் குடும்பத்தாரும் மனமுவந்து கொடுத்த கேமராக்கள் அலமாரியில் நிறைந்துவிட்டன. அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி. எந்த லென்ஸ் எந்த பாடிக்கு (லென்ஸ் நீங்கலான கேமரா உடலுக்கு) உரியது என்ற குறிப்பு மட்டும் எதனுடனும் வரவில்லை. லென்ஸ் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் பொருந்திவிட்டது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பூட்டிக்கொள்வது ஒன்று, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரோடு பேசுவது வேறொன்று. உறுப்பினர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதித்த பிறகே ஃபிலிம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிக்கானை எடுத்துக்கொள்வோம். 1959-இல் நிக்கான் எஃப் கேமராவுடன் வந்த அதே மவுண்ட்தான் (லென்ஸ் மாட்டும் வாய்) பின்னால் வந்த ஃபிலிம் கேமராக்களிலும் தொடர்ந்தது. லென்சின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்று சொல்லும் அபெர்ச்சர் எண்ணை மீட்டருக்குத் தெரிவிக்கும் வழிதான் 1977-இல் ஏஐ என்ற புதிய முறையாக மாறியது. அதற்கு முந்தைய லென்சுகளில், வளையத்தின் மேல் முயல் காது என்று நாம் சொல்லும் உலோகக் கவை இருக்கும். பாடியில் உள்ள ஊசி அதற்குள் புகுந்து அபெர்ச்சரைத் தெரிந்துகொள்ளும். ஏஐ பாடியில் அந்த ஊசி கிடையாது. மவுண்ட்டைச் சுற்றி நகரும் ஒரு சிறு நாக்கு இருக்கும். லென்ஸ் வளையத்தின் பின்விளிம்பில் வெட்டப்பட்ட படி அதைத் தள்ளும். படி வெட்டாத பழைய லென்ஸை எஃப்எம்2 போன்ற பாடியில் திருகினால், வளையத்தின் முழு விளிம்பும் அந்த நாக்கின் மீது ஏறி நசுக்கும். அலமாரியில் ஒரு பாடி இப்படித்தான் நாக்கு வளைந்து பழுதுக்குப் போயிருக்கிறது. 1977-இல் வந்த எஃப்எம், 1978-இல் வந்த எஃப்இ இரண்டிலும் நாக்கை மேலே மடித்து வைக்கலாம். பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றையே இரவல் கேளுங்கள். அபெர்ச்சரைப் படம் எடுக்கப்போகும் அளவுக்கு உண்மையாகவே சுருக்கி வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான் சிரமம். நல்ல வளையத்தை அரத்தால் ராவி ஏஐ ஆக்கும் வேலையைச் சங்கத்தின் லென்சுகளில் செய்வதற்கு நான் உடன்பட மாட்டேன்.

ஏஐ லென்சுகளின் முயல் காதுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு துளைகள் இருக்கும். பழைய லென்சின் காதுகளில் அவை இருக்காது. வளையத்தின் பின்விளிம்பில் உள்ள இரண்டாவது எண்வரிசை வ்யூஃபைண்டருக்குள் படிக்கப்படுவதால், அதன் மீது வெளிச்சம் விழுவதற்காக இடப்பட்ட துளைகள் அவை. அதே காதுகள் நிக்கானின் நிக்கோர்மேட் எஃப்டிஎன் போன்ற பழைய பாடிக்கும் உதவும். அதில் லென்ஸை 5.6-இல் வைத்து மாட்டி, வளையத்தை ஒருமுறை சிறிய துவாரம் வரையிலும் பிறகு பெரிய துவாரம் வரையிலும் திருப்ப வேண்டும். மாட்டிய லென்சின் அதிகபட்ச அபெர்ச்சரை கேமரா அப்போதுதான் அறிந்துகொள்கிறது. லென்ஸ் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும்.

ஒரு மவுண்ட்டின் லென்ஸை வேறு மவுண்ட் பாடியில் மாட்ட உதவும் அடாப்டர் குறித்து வந்த கேள்விகளுக்கு ஒரே கணக்கு போதும். மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் நிக்கானில் 46.5 மில்லிமீட்டர், எம்42 திருகு மவுண்ட்டிலும் பென்டாக்ஸ் கே மவுண்ட்டிலும் 45.46, கேனான் இஓஎஸ்ஸில் 44, கேனான் எஃப்டியில் 42. லென்சின் தூரம் பாடியின் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால், இடையில் திருத்தும் கண்ணாடி வில்லை வைக்காமல் தொலைவுக் காட்சி கூர்மையாகாது. எஃப்டி லென்ஸ் இஓஎஸ்ஸில் தடுமாறுவதும், எம்42 லென்ஸ் நிக்கானில் தடுமாறுவதும் இதனால்தான். கே மவுண்ட்டில் எம்42 குறையின்றி வேலை செய்யும். ஆட்டோ அபெர்ச்சர் இருந்தும், அதை மேனுவலுக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாத எம்42 லென்ஸ் மட்டும் அடாப்டரில் முழுதும் திறந்தபடியே நிற்கும். வளையத்தை எங்கே திருப்பினாலும் பயனில்லை.

அடுத்து பேட்டரி. மினோல்டா எஸ்ஆர்டி 101, ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கோர்மேட் எஃப்டிஎன் மூன்றும் 1.35 வோல்ட் தரும் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது கடைகளில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். வோல்ட் கூடினால் மீட்டர் வெளிச்சத்தை மிகைப்படுத்திக் காட்டும்; ஃபிலிமில் வெளிச்சம் குறைவாகப் பட்டு நெகட்டிவ் மெலிந்துவிடும். பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவாக இராது என்பதால், ஃபிலிமின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை மாற்றி வைத்துச் சரிக்கட்டுவதும் முழுத் தீர்வாகாது. காது கேட்கும் கருவிக்கான 675 துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட்டை நிலையாகத் தருகிறது. சுற்றளவில் சிறியது என்பதால் ரப்பர் வளையம் ஒன்று தேவை. ஒட்டியிருக்கும் தாளை உரித்த பிறகு சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஆகவே படம் எடுக்கும் அன்று காலையில் உரியுங்கள். 1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதன் மின்சுற்று சமநிலைப் பாலமாக அமைந்திருப்பதால், ஊசி நடுவில் நிற்கும் இடம் வோல்ட்டைப் பொறுத்து மாறுவதில்லை. அந்த வடிவமைப்பை எண்ணி எனக்கு இன்றும் வியப்புதான்.

மாமல்லபுரம் பயணத்தில் இதையெல்லாம் களத்தில் சோதித்தோம். மேகமற்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு நொடியில் 125-இல் ஒரு பங்கும் எஃப் 16 அபெர்ச்சரும் ஏறத்தாழச் சரி. மீட்டர் இதிலிருந்து வெகுதூரம் விலகினால் அதை நம்ப வேண்டாம். கடற்கரைக் கோயிலைக் காலையில் சாலைப் பக்கமிருந்து பார்த்தால் கதிரவன் அதற்குப் பின்னால் இருக்கும். பளிச்சென்ற வானத்தை மீட்டர் அளந்துவிடுவதால் கோயில் விமானம் வெறும் நிழலாகிவிடும். கல்லுக்கு அருகில் போய்ச் சட்டகம் முழுவதும் கல்லை நிறைத்து அளந்து, அந்த அளவை மாற்றாமல் திரும்பி வந்து எடுத்தவர்களுக்குச் செதுக்கல்கள் தெளிவாக விழுந்தன. வெள்ளை வேட்டி கட்டியவரை நெருக்கமாக அளந்தால் இதற்கு நேர்மாறு: மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டாப்பாவது (வெளிச்சம் இருமடங்காகும் ஒரு படி) கூடத் திறக்க வேண்டும்.

வரும் ஆண்டில் அலமாரியில் உள்ள ஒவ்வொரு கேமராவிலும் ஓர் அட்டை கட்ட நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. மவுண்ட், மாட்டக்கூடாத லென்சுகள், பேட்டரியின் வோல்ட், மீட்டரின் விலகல் ஆகியவை அதில் இருக்கும். பழைய கையேடுகள் வைத்திருப்பவர்கள் நகலெடுக்கக் கொடுத்து உதவ வேண்டும். அலமாரிச் சாவியைப் பொறுப்புடன் பார்த்துக்கொண்ட துணைச் செயலாளருக்கும், பழுது பார்த்துத் தந்து கூலி வாங்க மறுத்த மூத்த உறுப்பினருக்கும் நன்றி.

இந்த அறிக்கைக்கு அவை ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்