துலூஸிலிருந்து கடல் வரை

அன்புள்ள ராமநாதன்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது, தாமதத்தைப் பொறுத்துக்கொள். என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்திருந்தாய். அதே முழங்காலோடுதான் சென்ற மாதம் தென் பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் வரை, கனால் து மிதி என்னும் கால்வாயின் கரையோரமாகவே 240 கிலோமீட்டர் சைக்கிளில் ஐந்து நாட்களில் போய்ச் சேர்ந்தேன். பிரெஞ்சில் ‘மிதி’ என்றால் தெற்கு. எனக்கென்னவோ வழி நெடுக அது தமிழாகவே காதில் விழுந்தது.

பொதுப்பணித் துறையில் ஆயுளைக் கழித்த நீ பார்த்திருக்க வேண்டிய இடம் நோரூஸ். அங்கே விழும் மழையில் ஒரு பாதி அட்லாண்டிக்கிற்கும் மறுபாதி மத்தியதரைக் கடலுக்கும் போகும். துலூஸிலிருந்து அந்த முகடு சுமார் 50 கிலோமீட்டர் என்றாலும் ஏற்றம் 60 மீட்டர்கூட இல்லை. ஏறியதே கால்களுக்குத் தெரியவில்லை. உப்பு வரி வசூலித்துக்கொண்டிருந்த பியேர்-போல் ரிக்கே என்பவர், வடக்கே உள்ள கறுப்பு மலையின் ஓடைகளைத் திருப்பி இந்த முகட்டுக்குக் கொண்டுவந்தால் இருபுறமும் கால்வாயை நிரப்பலாம் என்று கணித்து, 14ஆம் லூயியின் ஒப்புதலோடு 1666இல் வேலையைத் தொடங்கினார். தன் சொத்தையும் இதில் போட்டுக் கடனாளியான அவர் 1680இல் இறந்துவிட, கால்வாய் திறக்கப்பட்டது அடுத்த ஆண்டில்தான். படகுகளை ஏற்றி இறக்கும் லாக்குகளின் சுவர்கள் முட்டை வடிவில் வளைந்திருக்கின்றன. முதலில் நேராகக் கட்டிய ஒன்று சரிந்துவிட்டதால், மண்ணின் அழுத்தத்தைத் தாங்கும்படி அப்படி வளைத்தார்களாம்.

முகட்டுக்குச் சற்று முன்பு வரைதான் தார்ப்பாதை. பிறகு மண்ணும் சரளையும், அவற்றினூடே கரையோரத்துப் பிளேன் என்னும் நிழல் மரங்களின் வேர்களும். காஸ்தெல்நோதாரியைத் தாண்டிய மறுநாள் அப்படியொரு வேரில் ஏறி இறங்கியபோது பின்சக்கரத்தில் இரண்டு ஸ்போக் கம்பிகள் முறிந்து, ரிம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. கேரியரில் பத்துக் கிலோ மூட்டையை ஏற்றியது என் பிழைதான். பக்கத்துக் கம்பிகளை இறுக்கித் தளர்த்தி, ஒருவாறு கார்காசோன் வரை உருட்டியும் ஓட்டியும் சென்றேன்.

என்னை இடறிய அந்த மரங்களின் கதைதான் வருத்தமானது. கரை நெடுக 42,000 அளவில் நின்றவை. 2006இல் இங்கே தென்பட்ட ஒரு பூஞ்சை நோய் அவற்றைப் பட்டுப்போகச் செய்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகை வழியாக இது பிரான்சுக்கு வந்தது என்கிறார்கள். நோய் நீரிலும் வேரிலும் பரவுவதால் வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை. கார்காசோனுக்குக் கிழக்கே பல மைல் தூரம் இளங்கன்றுகள் மட்டுமே நின்றன. நிழலில் வந்து பழகிய உடம்புக்கு அந்த வெயில் தண்டனையாக இருந்தது. நல்லவேளையாக வடமேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.

பெசியேவில் படகுகள் படிப்படியாக இறங்கும் ஃபோன்செரான் லாக்குகளைப் பார்க்கத்தான் கூட்டம் மொய்க்கிறது. எனக்கோ அதற்குச் சில மைல் முன்னால் உள்ள மால்பா குன்றுதான் பெரிதாகப்பட்டது. குன்றைக் குடைந்து 165 மீட்டர் நீளத்துக்குக் கால்வாய் போகிறது. அதற்குக் கீழே ரயில் சுரங்கம். அதற்கும் கீழே, 13ஆம் நூற்றாண்டில் மொந்தாதி ஏரியை வடியவைக்க வெட்டிய வடிகால். மேட்டில் ஏறி நின்றால், வடிந்த அந்த ஏரிப்படுகை முழுவதும் சூரியக் கதிர்கள்போல நடுவிலிருந்து பிரியும் வயல்களாகத் தெரிகிறது. வரப்புகள் எல்லாம் அந்த நடுப்புள்ளியை நோக்கியே இறங்குகின்றன. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

படங்களைத் தனியே அனுப்புகிறேன். அத்தனை பழைய வடிகாலில் வண்டல் சேராமல் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று உனக்குத் தோன்றுவதை எழுது. முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, வலிப்பது மணிக்கட்டு.

அன்புடன்,
சேகரன்